இந்தப் பட்டை உங்கள் கைக்குப் பத்தாது

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கிரையப் பத்திரம் பதிவாகி எல்லோரும் சார்பதிவாளர் அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும், நிலம் வாங்கியவர் பத்திரம் எழுதினவரைச் சும்மா அனுப்ப மாட்டார். காலையில் முடிந்தால் டீயும் வடையும். மதியம் ஆகிவிட்டால் இலைச் சாப்பாடு. ரொம்ப நாள் இழுத்த சொத்து ஒருவழியாகக் கைக்கு வந்தால், கால் கிலோ அல்வா வீட்டுக்கே வந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் வாங்கின நிலம் ராசியில்லாமல் போய்விடுமோ என்று அவர்கள் முகம் வாடிவிடும்.

நான் அம்பாசமுத்திரத்தில் 29 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், கல்லிடைக்குறிச்சியில். காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். நடுவில் எழுந்தால் அது டீக்கடைக்கு. அதுவும் பாதி நாள் டீயே மேசைக்கு வந்துவிடும். 2022-ல் எனக்கு 49 வயது. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 116 கிலோ.

116 கிலோவோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று அப்படி வாழாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். டவுன் பஸ்ஸில் ரெண்டு பேர் சீட்டில் ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டு உட்காருவேன். பக்கத்தில் இடம் இருந்தும் ஆள் நின்றுகொண்டே வருவார். அவரிடம் உட்காருங்கள் என்று சொல்லவும் கூச்சம். கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் உட்காருவதற்கு முன்னால் அதன் காலைப் பார்ப்பேன். செருப்பு வார் மாட்டக் குனிந்தால் மூச்சு முட்டும், அதனால் வார் இல்லாத செருப்புக்கு மாறினேன்.

எல்லாவற்றையும் விட எனக்கு வலித்தது ஆறு. தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதில் இருந்து படித்துறையில்தான் குளியல். ஒருநாள் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கும்போது மேல்படியில் இருந்த பையன்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைத்தான் சொன்னார்களா என்றுகூடத் தெரியாது. அன்றோடு ஆற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஆறு வருடம் வீட்டுக் குளியலறைதான். ஏன் என்று மனைவி கேட்டதற்கு முட்டு வலி என்று சொன்னேன். முட்டு வலி உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை.

இத்தனைக்கும் நான் முயற்சி செய்யாமல் இல்லை. "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியை என்னிடம் சொல்லாதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. மூன்று மாதம் விடாமல் கொள்ளுத் தண்ணீர் குடித்தேன். கொள்ளு நல்ல பயறு, இன்றைக்கும் எங்கள் வீட்டில் கொள்ளுத் துவையல் உண்டு. ஆனால் ஏழு டீயையும் வடையையும் அப்படியே வைத்துக்கொண்டு மேலே கொள்ளுத் தண்ணீரையும் ஊற்றினால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் டப்பாவில் ஒரு மாவு கொண்டுவந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் இதைக் கரைத்துக் குடியுங்கள் என்றார். ஐந்து கிலோ குறைந்தது. டப்பா வாங்கப் பணம் இல்லாமல் போன மாதமே ஏழு கிலோ ஏறியது. ஒரு தடவை சோற்றை அடியோடு விட்டேன். 22 நாள். 23-ம் நாள் ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் நான் சாப்பிட்டதை இப்போது நினைத்தாலும் கண் கலங்கும். பசி அப்படி இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். முட்டு வலிக்காக ஓர் இடத்தில் காட்டினேன். டாக்டர் முட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல வாயைக் கட்டுங்க, எல்லாம் சரியாகும்" என்றார். அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அதன்பிறகு நாலு வருடம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை. அந்த நாலு வருடத்தில்தான் என் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்திருக்கிறது. எனக்குத் தெரியாமலே.

திருப்பம் வந்தது என் அம்மாவால். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற தங்கச்சி ஒருத்தி அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க மாதாமாதம் வருவாள். 2022 ஜூலையில் ஒரு சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அம்மா விடவில்லை. "எம்மவனுக்கும் ஒரு தடவ பாரு தாயி. ராத்திரி இவன் விடுத குறட்டைல எனக்குத் தூக்கமே இல்ல" என்றாள்.

கையை நீட்டினேன். பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றினாள், ஒட்டவில்லை. இழுத்துப் பார்த்தாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. என்ன சொல்லப் போகிறாளோ என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்தப் பட்டை உங்க கைக்குப் பத்தாது அண்ணாச்சி. சின்னப் பட்டைய இழுத்துக் கட்டிப் பாத்தா பிரஷர் இருக்கிறத விடக் கூடுதலாக் காட்டும். ஆஸ்பத்திரில பெரிய பட்டை இருக்கு. திங்கக்கிழமை வாங்க, நானே எடுத்து வைக்கச் சொல்லுதேன்."

அவ்வளவுதான். பட்டைதான் சின்னது என்றாள். என் கை பெரிது என்று சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் என் உடம்பைப் பற்றி ஒருவர் பேசி, எனக்கு ஓடி ஒளிய வேண்டும் என்று தோன்றாதது அன்றைக்குத்தான். திங்கட்கிழமை போனேன்.

உடம்பு கூடியவர்கள் டாக்டரிடம் போனால் கேட்க வேண்டியதை எனக்கு யாரும் முன்னால் சொல்லித்தரவில்லை, அதனால் இங்கே விரிவாகச் சொல்கிறேன். பிரஷர் பார்க்கும்போது பெரிய பட்டை கேளுங்கள், அது உங்கள் உரிமை. இடுப்புச் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள். நம் நாட்டவர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர், அதற்கு மேல் போனால் வயிற்றுக் கொழுப்பு கூடுதல் என்று கணக்கு. எனக்கு 127 இருந்தது. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருகிற எண்தான் பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 25-க்கு மேல் போனாலே உடல் பருமன் என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. எனக்கு 41. மூன்று மாதச் சராசரி சர்க்கரை காட்டுகிற ஹெச்.பி.ஏ.1.சி, தைராய்டு, ஈரல், கொழுப்பு எல்லாம் பார்த்தார்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் அட்டையோடு கொண்டுபோக வேண்டும், சில மாத்திரைகளே எடையை ஏற்றும். ஸ்டீராய்டு அப்படி, மனநல மருந்துகளிலும் சர்க்கரை மருந்துகளிலும் சில அப்படி. அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் மாற்றித் தருவார்.

எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது. ரத்த அழுத்தம் 150-க்கு 96. ஹெச்.பி.ஏ.1.சி 6.2, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தின படி. ஈரலில் கொழுப்பு. இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த டாக்டர் அம்மா கேட்டார், "பகல்ல தூக்கம் வருதா சார்?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பக்கென்றது. முந்தின மாதம்தான் ஒரு கிரையப் பத்திரத்தில் சர்வே எண்ணைத் தப்பாக எழுதியிருந்தேன். பதிவாகிவிட்டது. பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் எழுதி, ரெண்டு தரப்பையும் மறுபடியும் கூட்டிவந்து, செலவை என் கையில் இருந்து போட்டேன். இந்தத் தொழிலில் சர்வே எண் தப்பினால் ஆள் தப்பின மாதிரி. எனக்கு வயசாகிவிட்டது, இனி கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு நொடி ரெண்டு நொடி தூங்கிப் போயிருக்கிறேன்.

பாளையங்கோட்டைக்கு அனுப்பித் தூக்க ஆய்வு எடுத்தார்கள். படுத்ததும் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால் ராத்திரி முழுக்கப் படுத்தாலும் மூளை தூங்கவில்லை என்றார்கள். காற்றை அழுத்திக் கொடுக்கிற முகமூடி மெஷின் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். விலை அதிகம். முதல் மாதம் வாடகைக்கு எடுத்தேன். பத்து நாள் ரொம்பக் கஷ்டம், பிடுங்கிப் பிடுங்கி எறிந்தேன். அப்புறம் ஒருநாள் காலையில் கண் விழித்தபோது உலகமே கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இதில் ஒரு செய்தி இருக்கிறது. தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் எண்ணெய்க்கும் நாக்கு அலையும். நான் மத்தியானம் மூன்று மணிக்கு வடை தேடியதில் பாதி, தூக்கத்தை விரட்டத்தான். குறட்டையைச் சிரிப்பு விஷயமாக எடுத்துக்கொள்கிற வீடுகளுக்கு இதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: பரிசோதனை செய்யுங்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு உணவியல் நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண்தான். ஒரு அச்சடித்த தாளை நீட்டி ஓட்ஸ் சாப்பிடு, கோதுமை ரொட்டி சாப்பிடு என்று சொல்வார் என்று போனேன். அவர் எதையும் சொல்லவில்லை. "ஏழு நாள், வாயில போறது எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க. எதையும் மாத்தாதீங்க. எத்தனை மணிக்கு, யார் கூட, பசிச்சதா இல்லையா, அதையும் எழுதுங்க" என்றார்.

ஊராருடைய சொத்தை நான்கெல்லை தவறாமல் எழுதுகிறவன் நான். அன்றைக்குத்தான் முதல்முதலாக என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை மூன்று பத்திரம் பதிவான நாள். அந்த ஒரு நாளில் ஏழு டீ, ஐந்து உளுந்த வடை, இலைச் சாப்பாடு, பாதாம் பால், சேவு ஒரு பொட்டலம், ராத்திரி வீட்டில் ஆறு தோசை, மிளகாய்ப் பொடிக்கு ஊற்றின நல்லெண்ணெய். "பசிச்சதா" என்ற பகுதியில் பதினொரு தடவையில் எட்டுத் தடவை "இல்லை" என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே புரியவில்லை, கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எட்டுத் தடவை யாரோ ஒருவர் எதிரில் இருந்தார். அவருக்காகச் சாப்பிட்டிருக்கிறேன்.

டீக்கு மட்டும் அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். டீக்கு ரெண்டு கரண்டி சீனி, ஏழு டீக்குப் பதினாலு. கரண்டி ஐந்து கிராம் என்றால் 70 கிராம். ஒரு நாளைக்கு மேல்சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எனக்கு டீயிலேயே அது தாண்டிவிட்டது.

"மனக்கட்டுப்பாடு இல்லாதவன்" என்றுதான் என்னை நான் இத்தனை வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. என் பழக்கங்கள் டீக்கடையிலும் அடுப்படியிலும் ஆபீஸ் வாசலிலும் பரவிக் கிடந்தன. அவற்றை நான் மட்டும் ரகசியமாக மாற்ற முடியாது. அந்தந்த இடத்தில் இருக்கிற ஆளிடம் போய் வாயைத் திறந்து கேட்டே ஆக வேண்டும்.

முதலில் டீக்கடைத் தம்பி. இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். "தம்பி, டாக்டர் சொல்லிட்டாங்க. இனிமே எனக்குக் காலைல ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ, அரைக் கரண்டி சீனி. நடுவுல யார் எனக்குன்னு சொல்லி டீ கேட்டாலும் சீனி போடாத சுக்குத் தண்ணி குடு. வடை குடுக்காத. நானே கேட்டாலும் குடுக்காத." அவன் ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். "எங்க அப்பாவும் இப்படித்தான் அண்ணாச்சி இருந்தாங்க" என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து இன்றுவரை அவன் ஒருநாள்கூட மறந்ததில்லை. ரெண்டு தடவை நான் வடை கேட்டேன், ரெண்டு தடவையும் தீர்ந்துபோச்சு என்றான். தட்டில் வடை இருந்தது.

பத்திரம் எழுத வருகிற கட்சிக்காரர்களுக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். வேண்டாம் என்றால்தான் முகம் வாடுகிறது, வேறு ஒன்றைக் கேட்டால் வாடவில்லை. "அல்வா வேண்டாம்ய்யா, டாக்டர் விடமாட்டேங்காங்க. உங்க வயல் வரப்புல காய்க்கிற வெண்டைக்காய், புடலங்காய் கொஞ்சம் கொண்டாங்க." அவர்களுக்கு இன்னும் சந்தோஷம். வாங்கின நிலத்தில் விளைந்ததையே கொண்டுவந்து தருகிறார்கள். சுரைக்காய் மட்டும் சில வாரம் வீடு கொள்ளாமல் போய்விடும்.

வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து மாத எண்ணெய்க் கணக்குப் பார்த்தோம். நாலு பேருக்கு ஆறு லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்றார் உணவியல் நிபுணர். அப்படியென்றால் இரண்டு லிட்டர். ஒரே மாதத்தில் இறக்க முடியாது, ஐந்து மாதம் ஆனது. பெரிய காரணம் எங்கள் ஊர்ப் பெருமைதான், அப்பளம். கல்லிடைக்குறிச்சியில் இருந்துகொண்டு அப்பளம் இல்லாமல் சாப்பிடுவது எப்படி? தினம் மத்தியானம் நான் ஒருத்தனே நாலு அப்பளம். எண்ணெயும் உப்பும் சேர்ந்தது, பிரஷருக்கு ரெண்டும் ஆகாது. இப்போது வாரம் ரெண்டு நாள், ஒன்று, தணலில் சுட்டது. சுட்ட அப்பளத்துக்கு ஒரு மணம் உண்டு. அதை நான் 49 வயது வரை தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மத்தியானத்துக்கு அரைப்படி அரிசி போட்ட வீட்டில் மூணு ஆழாக்கு ஆனது. குறைந்த இடத்தில் காயும் பயறும் வந்தன. நாங்கள் சைவம், அதனால் புரதத்துக்குப் பயறுதான்: தட்டப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலைச் சுண்டல், மோர். இலையில் பாதி காய், கால் பாகம் பருப்பு பயறு, கால் பாகம் சோறு. முதலில் காயையும் பயறையும் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சோற்றுக்கு வருவேன். உளுந்தஞ்சோறு நம் பக்கத்துச் சாப்பாடு, தொலி உளுந்து போட்டது. அது வெறும் சோற்றை விட நல்லது, ஆனால் அளவு அளவுதான். கல்யாண மறுவீட்டில் வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பான சொதியை விட வேண்டுமா என்று நான் பயந்துகொண்டே கேட்டதற்கு, "கல்யாணச் சொதியை யாராவது விடுவாங்களா? அதை ரசிச்சுச் சாப்பிடுங்க. மாசம் மூணு ஞாயித்துக்கிழமை வீட்டுல வைக்கீங்கல்ல, அதை ஒண்ணாக்குங்க. தொட்டுக்க உருளைக்கிழங்கு சிப்ஸ் வேண்டாம், இஞ்சிப் பச்சடி போதும்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரிடம் தொடர்ந்து போனேன்.

அம்மாதான் வீட்டில் சோறு போடுவாள். சின்ன வயசில் பசி பார்த்தவள். யார் இலையும் வெறுமையாகத் தெரியக் கூடாது அவளுக்கு. "எய்யா, இன்னும் ஒரு கரண்டி" என்று கேட்கும்போது மறுத்தால் அவளுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. மனைவிக்குத்தான் அந்த யோசனை வந்தது. சோற்றுப் பானையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அவியலையும் கீரையையும் கூட்டையும் அம்மா பக்கம் தள்ளினாள். "அத்தை, காயை நீங்க போடுங்க." அதற்குப் பிறகு அம்மா விருப்பம்போல எனக்கு அள்ளி அள்ளிப் போட்டாள், நானும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. உங்கள் வீட்டிலும் அன்பாகப் போடுகிற கை ஒன்று இருக்கும். அதைத் தடுக்காதீர்கள், அந்தக் கையில் இருக்கிற கரண்டியை மாற்றுங்கள்.

நடை பற்றி. வாரம் 150 நிமிடம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். 116 கிலோவோடு, தேய்ந்த முட்டோடு அதை முதல் வாரமே செய்யப் போனால் ரெண்டாம் வாரம் படுக்கையில் இருப்பீர்கள். நான் கன்னடியன் கால்வாய்க் கரையில் ஏழு நிமிடத்தில் தொடங்கினேன். வாரத்துக்கு ஒன்று ரெண்டு நிமிடம் கூட்டினேன். அதற்கு முன்னால் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த நாற்காலிப் பயிற்சி: உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குவது. ஒரு காலுக்குப் பத்து, காலை மாலை. தொடைத் தசை பலப்பட்டால் முட்டுக்குப் பாரம் குறையும். ஆறு வாரத்தில் படி ஏறும்போது வித்தியாசம் தெரிந்தது. ஆபீசில் தண்ணீர்ப் பானையையும் முத்திரைத்தாள் பெட்டியையும் என் மேசையில் இருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றினேன், தேவைப்படும்போதெல்லாம் எழுந்தே ஆக வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் கால்வாய்க் கரை சகதியாகிவிடும், அப்போது வீட்டுப் பட்டாசலிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன்.

எடை மெதுவாகத்தான் இறங்கியது. ஆறு மாதத்தில் எட்டு கிலோ. அதில் டாக்டர் அம்மா எனக்கு முதலிலேயே ஒன்று சொல்லியிருந்தார். இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்தில் இருந்து பத்துப் பங்கு குறைந்தாலே பிரஷர், சர்க்கரை, ஈரல் எல்லாவற்றிலும் பலன் தெரியும், எழுபது கிலோ ஆக வேண்டும் என்று நினைக்க வேண்டாம் என்று. எனக்கு அந்தக் கணக்கு ஆறில் இருந்து பன்னிரண்டு கிலோ. அது கைக்கெட்டுகிற தூரம். 2023 டிசம்பரில் 98 கிலோ.

2024 ஜனவரியில் அம்மா போய்விட்டாள். பதினாறு நாள் காரியம், வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. அதன்பிறகு வீட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. கால்வாய்க் கரைக்குப் போகவில்லை. நோட்டைத் தொடவில்லை. ராத்திரி எழுந்து சேவு சாப்பிட்டேன். ஏப்ரலில் 104. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருந்தது, மறுபடியும் பழைய நாலு வருடம் மாதிரி ஆகிவிடும் என்று மனைவிதான் பயந்து கூட்டிப்போனாள். டாக்டர் அம்மா திட்டவில்லை. எடை இறங்கும்போது உடம்பு அதைப் பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு பசியைத் தூண்டும் ஹார்மோனைக் கூட்டும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோனைக் குறைக்கும், எரிக்கிற சக்தியையும் மிச்சம் பிடிக்கும், அதனால் திரும்ப ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு நடக்கிறது என்று விளக்கினார். "பிரஷர் மாதிரி இதுவும் நீண்ட நாள் வியாதி சார். ஏறினா திரும்பி வாங்க, அவ்வளவுதான்." மறுபடியும் ஏழு நாள் நோட்டில் இருந்து தொடங்கினேன்.

பசியையும் எடையையும் குறைக்கிற ஊசிகள் வந்திருப்பதைப் பற்றியும் கேட்டேன். அது குறுக்கு வழி இல்லை, சரியான ஆளுக்குச் சரியான மருந்து, டாக்டர் பார்வையில் மட்டும் போட வேண்டும், நிறுத்தினால் எடை திரும்ப ஏறுவது உண்டு என்றார். என் வருமானத்துக்கு இப்போது அது முடியாது என்று சொன்னேன், சரி என்றார். ஊசி போடுகிறவர்களையோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையோ யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. கண்ணாடி போட்டுக்கொள்கிறவரை யாரும் அப்படிப் பேசுவதில்லையே.

இன்றைக்கு 100 கிலோ. ஒரு பிரஷர் மாத்திரையோடு 128-க்கு 82. ஹெச்.பி.ஏ.1.சி 5.6. கணக்குப்படி நான் இன்னும் பருமன்தான், பி.எம்.ஐ 35. போன சித்திரையில் மச்சினனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு விடியுமுன் படித்துறைக்குப் போனேன். சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் சுற்றிலும் பார்த்தேன், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கடைசி ரெண்டு படியில் பாசி, இறங்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் படியிலேயே உட்கார்ந்து குளித்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் போகிறேன்.

2019–21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15-ல் இருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேர், ஆண்களில் 100-க்கு 37 பேர் எடை கூடியவர்கள் என்று வந்தது. அப்படியென்றால் என் மேசைக்கு எதிரில் உட்காருகிற பத்துப் பேரில் மூணு நாலு பேருக்கு இது சொந்தக் கதை. ஒருவரும் பேசுவதில்லை.

போன வாரம் ஒரு தான செட்டில்மெண்ட் எழுத அப்பாவும் மகனும் வந்திருந்தார்கள். பையனுக்கு முப்பது வயது இருக்கும், என்னை விடப் பெரிய உடம்பு. எழுதி முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்பா ஜெராக்ஸ் எடுக்க வெளியே போனதும் மெதுவாகக் கேட்டான், "அண்ணாச்சி, நீங்க எங்க போய்க் காட்டுனிய?"

எந்த நாள், எந்த அறை, என்னென்ன கொண்டுபோக வேண்டும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் பெரிய பட்டை கேட்கவும் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அங்கே எல்லோரும் பார்ப்பார்களோ என்றான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நானும் அவனோடு போகிறேன்.